செயலிக்குப் பெயர் பிடிப்பது எப்படி?

செயலியை எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் கணினியில் அது ஒழுங்காக ஓடுகிறது. ஊருக்குக் காட்ட, செயலிகளை இணையத்தில் இயக்கும் ஹெரோகு தளத்தில் ஏற்றலாம் என்று உட்கார்ந்து, ஆசையாக வைத்திருந்த பெயரைக் கொடுக்கிறீர்கள். ‘இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது’ என்கிறது திரை. பின்னால் ஒரு எண்ணைச் சேர்க்கிறீர்கள், அதுவும் போய்விட்டது. நள்ளிரவு வரை இப்படி முட்டிக்கொண்டு, கடைசியில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றைப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அதிகம்.

இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முழுக்க ஹெரோகுவை வைத்தே விளக்குகிறேன். மற்ற தளங்களில் எங்கெங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். செயலிப் பெயர்களையும் கட்டளைகளையும் இந்த நூலில் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஏன் கிடைப்பதில்லை?

ஹெரோகு 2007-இல் தொடங்கியது. அன்றிலிருந்து உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துவோர் எல்லாருக்கும் பெயர்ப் பட்டியல் ஒன்றே. உங்கள் கணக்குக்குள் மட்டும் தனித்து இருந்தால் போதாது. மொத்தத் தளத்திலும் அந்தப் பெயரில் இன்னொரு செயலி இருக்கக் கூடாது. யாரோ ஒரு மாணவர் பத்தாண்டுக்கு முன் பயிற்சிக்காகத் தொடங்கி அப்படியே விட்டுப்போன காலிச் செயலியும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒற்றை ஆங்கிலச் சொற்கள் தீர்ந்துபோனதற்கு இதுவே காரணம்.

முதலில் விதிகள்

பெயர் 3 முதல் 30 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், ஹைஃபன் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. எழுத்தில் தொடங்கி, எழுத்திலோ எண்ணிலோ முடிய வேண்டும். அண்டர்ஸ்கோர், புள்ளி, இடைவெளி, பெரிய எழுத்து எதையும் தளம் ஏற்காது. தமிழ் எழுத்தையும் ஏற்காது.

அதனால் பிழைச் செய்தி வந்தால் நிதானமாகப் படியுங்கள். ‘எடுக்கப்பட்டுவிட்டது’ என்பது ஒரு செய்தி. ‘சின்ன எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்’ என்பது வேறு செய்தி. ‘30 எழுத்துக்கு மேல் போகிறது’ என்பது இன்னொன்று. பின் இரண்டும் வந்தால் பெயர் போய்விட்டது என்று பொருளில்லை. ஓர் அண்டர்ஸ்கோரை ஹைஃபனாக மாற்றினால் அதே பெயர் கிடைத்துவிடலாம். கணக்கு சரிபார்க்கப்படாமல் இருந்தாலும் வேறு வகைப் பிழை வரும். எனவே கணக்கு வேலையை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் பெயர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நான் பரிந்துரைக்கும் முதல் வழியும் அதுதான். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது.

‘உழவர்’ என்பதை எப்படி எழுதுவீர்கள்? ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மற்றொருவர் வெறும் இசட் போடுவார். ‘சந்தை’யின் ‘ந்தை’க்குத் தனி டி, டியோடு எச், டீயோடு எச் என்று மூன்று வழக்கமாவது உண்டு, ‘ச’வுக்கு எஸ், சி-எச் என்று இரண்டு. உழவருக்கு மூன்று, சந்தைக்கு ஆறு என்றால் மொத்தம் 18 எழுத்துக்கூட்டல். அவற்றில் ஒன்றுதான் உங்களுடையது. தொலைபேசியில் சொன்ன முகவரியைக் கேட்டு அடிப்பவர் மற்ற 17-இல் ஒன்றில் போய் நிற்பார்.

நெடில் குறில் சிக்கல் இதைவிட மோசம். ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் பலர் கையில் ஒரே எழுத்துக்கூட்டலாகிவிடுகின்றன. மழை பற்றிய செயலிக்கு மலை என்று படிக்கும்படியான பெயர் வைத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு நான் கண்ட தீர்வுகள் இரண்டு. ழ, ள, ந்த, நெடில் வராத சொல்லைத் தேடுங்கள்: ‘விலை’, ‘மணி’, ‘கடல்’, ‘படகு’ போன்றவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். அல்லது ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலைத்துப்போன ஊர்ப் பெயரைச் சேருங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் விலையைக் காட்டும் செயலி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர்ப் பெயரை ரயில் நிலையப் பலகையில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதினால் 12 எழுத்து. ஒரு ஹைஃபன், பிறகு ‘விலை’க்கு 5 எழுத்து. மொத்தம் 18. கேட்பவருக்கும் புரியும், வேறொருவர் எடுத்திருக்கும் வாய்ப்பும் குறைவு.

ஊர்ப் பெயரிலும் பலகையில் உள்ள வழக்கத்தையே பின்பற்றுங்கள். சரியான உச்சரிப்பு என்று சொந்தமாகத் திருத்தாதீர்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர்களே தங்கள் ஊரின் புதிய எழுத்துக்கூட்டலை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. மக்கள் கை பழகிய எழுத்துதான் முகவரிக்கு உதவும்.

படிப்படியாக

1. ஒரு தாளை எடுங்கள். செயலி என்ன செய்கிறது, எந்த ஊருக்கு, யாருக்கு என்ற மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு சொல் எழுதுங்கள். கணினிக்கு முன் உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கும் ஆசை வரும். அதனால்தான் தாள்.

2. அந்த ஆறு சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்துப் பெயர் தயார் செய்யுங்கள். இரண்டு சொல்லுக்கு நடுவே ஹைஃபன் போடுங்கள். சேர்த்து எழுதினால் சில பெயர்கள் ஆங்கிலத்தில் வேண்டாத சொல்லாகப் படிக்கப்படும்.

3. நீளத்தை எண்ணுங்கள். 22 எழுத்துக்கு மேல் போனால் அடித்துவிடுங்கள். 30 வரை அனுமதி இருக்கும்போது ஏன் 22? நாளை சோதனைப் பதிப்பு ஒன்று வைக்கும்போது பெயரின் பின்னால் ‘ஸ்டேஜிங்’ என்று சேர்ப்பீர்கள். ஹைஃபனோடு அது 8 எழுத்து. அந்த இடத்தை இப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

4. தொலைபேசிச் சோதனை. கணினித் துறையில் இல்லாத ஒருவரை அழையுங்கள். பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் எழுதியதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அந்தப் பெயர் வேண்டாம். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள்.

5. மிஞ்சிய நான்கைந்து பெயர்களையும் தேடுபொறியிலும் ஆப் ஸ்டோர்களிலும் போட்டுப் பாருங்கள். செயலியை வைத்துத் தொழில் செய்யப்போகிறீர்கள் என்றால் வணிகச் சின்னப் பதிவேட்டிலும் தேடுங்கள். இந்தியாவில் அந்தத் தேடல் இணையத்திலேயே இலவசம். மென்பொருளுக்குப் பார்க்க வேண்டியவை 9, 42 ஆகிய வகுப்புகள்.

6. ஹெரோகுவின் டாஷ்போர்டில் நுழைந்து புதிய செயலி உருவாக்கும் பக்கத்தைத் திறங்கள். பெயர்ப் பெட்டியில் அடிக்கும்போதே, கிடைக்குமா கிடைக்காதா என்று கீழே காட்டும். எல்லாப் பெயர்களையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

7. கிடைக்கிறது என்று காட்டிய முதல் நல்ல பெயரை உடனே பதிவு செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்; கிடைக்கும் என்று காட்டுவது முன்பதிவு ஆகாது. டெர்மினலில் செய்வதென்றால் செயலியின் ஃபோல்டருக்குள் போய், ‘ஹெரோகு கிரியேட்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டுப் பெயரை அடியுங்கள். டைனோ (செயலியை இயக்கும் கொள்கலன்) எதையும் ஓடவிடாதவரை, வெறுமனே செயலியை உருவாக்கி வைப்பதற்குக் கட்டணம் இல்லை. இலவச டைனோக்கள் 2022 நவம்பர் 28-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. ஓடவிட்டால் பணம் உண்டு.

8. ‘கிட் ரிமோட்’ என்று அடித்து, இடம் விட்டு ஒரு ஹைஃபனும் ‘வி’ எழுத்தும் சேர்த்து எண்டர் தட்டுங்கள். ‘ஹெரோகு’ என்ற வரி நீங்கள் இப்போது பதிந்த பெயரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். முன்பு ஒரு பெயரில் முயன்று பார்த்திருந்தால் அது பழைய செயலியையே காட்டிக்கொண்டிருக்கலாம். கவனிக்காமல் புஷ் செய்தால் குறியீடு அங்கே போய்விடும்.

9. முழு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் முதல் உருவாகும் செயலிகளுக்கு, பெயரின் பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியை ஹெரோகுவே சேர்த்துவிடுகிறது. எனவே பெயரை வைத்து முகவரியை ஊகித்து எழுதாதீர்கள். ‘ஹெரோகு இன்ஃபோ’ கட்டளை உண்மையான முகவரியைக் காட்டும்.

குறிப்பு: பத்தும் போய்விட்டால்

அடிக்கடி செயலி செய்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்கென்று மூன்று நான்கு எழுத்தில் ஒரு முன்னொட்டை வைத்துக்கொண்டு, எல்லாச் செயலிகளுக்கும் அதையே முன்னால் போடுங்கள். பெயருக்கு முன் இனிஷியல் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்பா பெயர், ஊர்ப் பெயர், உங்கள் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகள் போதும். மூன்றெழுத்து முன்னொட்டோடு ஒரு தமிழ்ச் சொல் சேர்ந்தால், அதை வேறொருவர் எடுத்திருப்பது அரிது. டாஷ்போர்டில் உங்கள் செயலிகள் எல்லாம் ஒன்றாக வரிசையில் நிற்கும் என்பது கூடுதல் வசதி.

பின்னால் 1, 2, 123 என்று சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. எண் இல்லாத பெயரில் வேறொருவரின் செயலி இருக்கிறது என்பதால்தானே சேர்க்கிறீர்கள்? உங்கள் பயனர் அந்த எண்ணை மறந்தால் அங்கே போய்விடக்கூடும். ஆண்டைச் சேர்ப்பதும் அப்படித்தான். ஒரே ஒரு விழாவுக்கான செயலிக்குச் சரி, மற்றதற்கு அடுத்த ஜனவரியிலேயே பழசாகிவிடும்.

பயிற்சிக்காக மட்டும் ஏற்றுகிறீர்களா? பெயரே கொடுக்காமல் ‘ஹெரோகு கிரியேட்’ என்று மட்டும் அடியுங்கள். தளமே இரண்டு ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர் ஒன்றைக் கொடுத்துவிடும். ‘ஹீரோயிக்’, ‘ஹைக்கூ’ இரண்டையும் சேர்த்துத்தான் ‘ஹெரோகு’ என்ற பெயரே பிறந்தது. அது தானாகத் தரும் பெயர்களிலும் அந்தச் சாயல் இருக்கும்.

சரிபார்ப்பதில் செய்யும் தவறுகள்

பெயர் கிடைக்குமா என்று பிரவுசரில் முகவரியை அடித்துப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. அங்கே எதுவும் இல்லை என்று பக்கம் வந்தால் பெயர் காலி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மேலே சொன்ன பின்குறி வந்த பிறகு இந்தச் சோதனை அறவே பயன்படாது. வேறொருவர் அந்தப் பெயரை வைத்திருந்தாலும் அவருடைய முகவரி நீங்கள் அடித்ததாக இல்லாமல் இருக்கலாம்.

டெர்மினலில் சோதிக்க விரும்பினால் ‘ஹெரோகு இன்ஃபோ’ கட்டளையில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்படியொரு செயலி இல்லை என்று வந்தால் நம்பிக்கை வைக்கலாம். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தால் வேறொருவர் கையில் இருக்கிறது. ஆனாலும் இறுதித் தீர்ப்பு பதிவு செய்யும்போதுதான்.

மற்ற தளங்களில்

கூகுள் கிளவுடில் மிகுந்த கவனம் தேவை. அங்கே புராஜெக்டுக்குப் பெயர், ஐடி என்று இரண்டு இருக்கும். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஐடியை உருவாக்கிய பிறகு மாற்றவே முடியாது. புராஜெக்டை நீக்கினாலும் அந்த ஐடி திரும்பக் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. கூகுளின் ஆப் எஞ்சின் சேவை தரும் முகவரியில் வருவது ஐடிதான். நீளம் 6 முதல் 30 எழுத்து. பெயரை அடித்தவுடன் தளமே ஓர் ஐடியைக் கீழே காட்டும். பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள், திருத்த அங்கேதான் வாய்ப்பு.

வெர்செல், ரெண்டர் இரண்டிலும் பெயர் உங்கள் கணக்குக்குள் தனித்திருந்தால் போதும். முகவரி வேறொருவரிடம் இருந்தால் தளமே அதைச் சற்று மாற்றிக் கொடுக்கும். ரெண்டரில் பின்னால் பெயரை மாற்றினாலும் பழைய முகவரி மாறாது என்பதை நினைவில் வையுங்கள். நெட்லிஃபையில் பெயர் எல்லாருக்கும் பொது. ஆனால் மாற்றுவது எளிது. கிட்ஹப் பேஜஸில் உங்கள் பயனர் பெயரே முகவரியாகிறது.

பெயரை மாற்ற வேண்டி வந்தால்

ஒரு முறை, சிறு நூலகம் ஒன்றுக்காகச் செய்த செயலியின் முகவரியைக் கியூஆர் குறியாக அச்சிட்டு அலமாரிகளில் ஒட்டியிருந்தோம். இரண்டு மாதம் கழித்து நல்ல பெயர் ஒன்று தோன்ற, நான் மாற்றிவிட்டேன். மறுநாள் காலையில் எந்தக் குறியும் வேலை செய்யவில்லை. ஒட்டிய அத்தனையையும் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

ஹெரோகுவில் ‘ஆப்ஸ் ரீநேம்’ கட்டளை நொடியில் வேலையை முடித்துவிடும். அந்த நொடியிலேயே பழைய முகவரி செத்துவிடும். பழையதிலிருந்து புதியதற்கு யாரையும் அது அனுப்பி வைக்காது. பழைய பெயரும் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி பொதுவுக்கு வந்துவிடும். எனவே மாற்றும் முன் கீழ்க்கண்டவற்றைப் பட்டியலிடுங்கள்:

1. கூகுள் கணக்கு மூலம் உள்நுழையும் வசதி இருந்தால், அங்கே பதிந்த திரும்பும் முகவரி.
2. பணம் செலுத்தும் சேவையில் கொடுத்த வெப்ஹுக் முகவரி. இதை மறந்தால் பணம் வந்தும் ஆர்டர் பதிவாகாது.
3. ஜாங்கோவில் அனுமதித்த ஹோஸ்ட் பட்டியல் போன்ற அமைப்புகள்.
4. உடன் வேலை செய்பவர்களின் கணினியில் உள்ள கிட் ரிமோட். அவரவரே மாற்றிக்கொள்ள வேண்டும்.
5. அச்சிட்டவை அனைத்தும்.

முகவரியைக் குறியீட்டில் பத்து இடத்தில் எழுதாமல், கான்ஃபிக் வேரியபிளில் ஒரே இடத்தில் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

பாதுகாப்பு

அரசுத் திட்டப் பெயரை அப்படியே எடுக்காதீர்கள். ‘உழவர் சந்தை’ 1999-இல் தொடங்கிய அரசுத் திட்டம். அதே பெயரில் உங்கள் செயலி நின்றால் மக்கள் அரசின் விலைப்பட்டியல் என்று நம்பிவிடுவார்கள். வங்கி, ஆதார், லாகின் போன்ற சொற்களும் வேண்டாம். மோசடிப் பக்கம் என்று சந்தேகிக்கப்பட்டு முடக்கப்படும் ஆபத்து உண்டு.

வாடிக்கையாளரின் பெயரையோ, வெளியே சொல்லாத திட்டத்தின் பெயரையோ செயலிப் பெயரில் வைக்காதீர்கள். யாரும் ஊகிக்க முடியாத பெயர் வைத்துவிட்டால் நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்றும் நினைக்காதீர்கள். சொந்த டொமைனுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த முகவரி, யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் படித்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு.

பொதுமக்கள் பயன்படுத்தும் செயலி என்றால் சொந்த டொமைன் ஒன்றை வாங்கிவிடுங்கள். தளத்தில் உள்ள பெயர் கதவு எண் மாதிரி; பெயர்ப் பலகை டொமைன்தான். டொமைன் உங்களிடம் இருந்தால் செயலியின் பெயரையும் மாற்றலாம், தளத்தையே மாற்றலாம், பயனருக்குத் தெரியாது. தமிழ் எழுத்திலேயே முகவரி வேண்டும் என்றாலும் இங்குதான் வழி இருக்கிறது: ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் முகவரிகள் நடைமுறையில் உள்ளன.

டொமைன் இணைத்த செயலியை நீக்கும்போது வரிசை மிக முக்கியம். முதலில் டொமைன் அமைப்பில் போய், செயலியைச் சுட்டும் சி-நேம் பதிவை அழியுங்கள். அதற்குப் பிறகே செயலியை நீக்குங்கள். தலைகீழாகச் செய்துவிட்டுச் சுட்டியை மறந்தால், அதே தளத்தில் வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்து, உங்கள் முகவரியிலேயே தன் பக்கத்தைக் காட்ட முடியும். உங்களை நம்பி வருகிறவர்கள் அங்கே கடவுச்சொல்லைக் கொடுப்பார்கள்.

பிடித்த பெயர் எல்லாவற்றையும் எதற்கும் இருக்கட்டும் என்று பதிவு செய்து வைக்காதீர்கள். உங்கள் கணக்கில் அப்படி முடங்கிக் கிடக்கும் காலிச் செயலிகள் இருந்தால், சுட்டிகளைச் சரிபார்த்துவிட்டு இன்றே நீக்கிவிடுங்கள். அந்தப் பெயருக்காக யாரோ ஒருவர் இப்போது முட்டிக்கொண்டிருக்கிறார்.